விரலுக்கு மூன்று

ஆறு மணிக்கு எழுந்தேன். தண்ணீர் சூடாக்கினேன். சீனி இல்லாமல் கோப்பி கலக்கினேன். இரண்டு துண்டு ரொட்டியில் மார்ஜரின் தடவி ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றதை மூடி வைத்தேன். குளித்தேன். துவைத்த மூன்று சட்டைகளையும் இரண்டு துவாலைகளையும் பின்பக்கம் காயப்போட்டேன். குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். எதிர் வீட்டு மலாய் அம்மா கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

ஏழரைக்கு சாக்ஸபோன் பெட்டியைத் திறந்தேன். வாய்ப்பகுதியில் பொருத்தும் ரீட் என்ற நாணல் தகட்டை நாக்கில் நனைத்து மாட்டினேன். இருபது நிமிடம் நீளமான ஒற்றைச் சுரங்கள். அதற்கு மேல் எதுவும் வாசிக்கவில்லை. ஐந்து மாதமாக இப்படித்தான். துடைத்து உள்ளே வைத்தேன்.

அன்று ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கு ரவாங்கில் ஒத்திகை. எங்கள் நால்வர் ஜாஸ் குழு தேவதாஸ் அண்ணனுடையது. பியானோ வாசிப்பவர், நாற்பத்து மூன்று வயது. கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் எங்களை ஆறு மாதத்துக்குக் கேட்டிருந்தது. வாரத்தில் ஐந்து மாலைகள். வியாழக்கிழமை, ஒன்றாம் தேதி ஆரம்பம். இந்தத் தொழிலில் இருபத்தொன்பது வயதில் இப்படி ஒன்று யாருக்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்குமா என்பது அன்றைய ஒத்திகையைப் பொறுத்தது. என் மனைவி துளசி இறந்த பிறகு நான் யாருடனும் சேர்ந்து வாசித்திருக்கவில்லை. துக்க வீட்டுக்காரனைக் கல்யாண விருந்தில் வாசிக்க ஒரு வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள். குழு வாசிக்கும் கிளப்புக்கு நானே போகவில்லை.

அதே வியாழக்கிழமை கலும்பாங்கில் இன்னொரு வேலை எனக்காகக் காத்திருந்தது. துளசியின் தாய்மாமா உமாபதி அங்கே ஓர் எஸ்டேட்டில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். ஆபீசில் ஓர் இடம் காலியானது. மானேஜரிடம் எனக்காகப் பேசி வைத்திருந்தார். காலை ஏழரைக்குப் போனால் நான்கரைக்கு வீடு. இது மாமாவின் யோசனை அல்ல. துளசியின் கடைசி ஆசை. அப்படித்தான் அவள் அம்மா, விஜயராணி அத்தை, எல்லோரிடமும் சொல்லியிருந்தார். 'அவர அந்த ராத்திரி வேலையிலேருந்து எடுத்துருங்கம்மா' என்று ஆஸ்பத்திரியில் சொன்னாளாம். அதற்கு மேல் பேசவில்லையாம். பதினாறாம் நாள் காரியத்தில் அத்தை இதைச் சொன்னபோது நான்கு பேர் அழுதார்கள். நான் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அன்று மாலைக்குள் பதில் வேண்டும். ஒத்திகை முடிந்து கெர்லிங்கில் அவர் வீட்டுக்கு வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். என்ன பதில் என்று எனக்கே தெரியாது.

சாக்ஸபோன் என்னிடம் வந்ததில் பெரிய கதை இல்லை. ஈஜோக்கில் பிறந்தேன். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்தில் பேண்டுக் குழுவில் சேர்ந்தேன். வெயிலில் அணிவகுத்துப் பழகும் நாள்களில் கணித வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. மூன்று மாதம் சிம்பல் தட்டினேன். சாக்ஸபோன் ஊதிய பையன் கிள்ளானுக்கு மாறிப்போனான். பொறுப்பாசிரியர் புவியியல் ஆசிரியர். பேண்டு பற்றி அவருக்குத் தெரிந்தது விசில் ஊதுவது மட்டும். யாருக்கு மூச்சு அதிகம் என்று கேட்டார். நான் கை தூக்கினேன்.

வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். செம்பனைத் தோட்ட ஓரத்தில் நிற்கும் அப்பாவின் லோரியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தேன். சொல்லிக் கொடுத்தது கைப்பேசி. ஜாஸ் கலைஞர்கள் வாசிப்பதை அரை வேகத்தில் ஓடவிட்டு, சுரம் சுரமாகப் பிடித்து, மனப்பாடம் செய்தேன். பதினெட்டு வயதில் ஷா ஆலமில் ஓர் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் அப்படி ஒன்றை முழுதாக வாசித்தேன். அசலில் அந்தக் கலைஞர் ஓரிடத்தில் லேசாகச் சறுக்கியிருந்தார். அந்தச் சறுக்கலையும் சேர்த்து வாசித்தேன். தேர்வாளர்கள் சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு மட்டும் வாசிப்பதுபோல் ஏன் வாசிக்கிறாய் என்று கேட்டார். லோரியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கல்லூரியில்தான் என் குறை எனக்குத் தெரிந்தது. ஜாஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுற்று உண்டு. புளூஸ் என்ற வகையில் நான்கு தட்டு ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. நாலு நாலு பாராக மூன்று வரி. மற்றவர்கள் அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அதன்மேல் நாம் நமக்குத் தோன்றுவதை வாசிக்கலாம். ஆனால் எத்தனையாவது பாரில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சுரம் தப்பாது. இடம் தப்பும். தனியாகப் பழகியவன். சேர்ந்து எண்ணிப் பழகியதில்லை. சாக்ஸபோன் வாசிப்பவனுக்கு எண்ணக் கையும் கிடையாது. இரண்டு கையும் சாவிகளில் இருக்கும். காலைத் தட்டினேன். தாளில் எழுதி ஒட்டினேன். மூன்று வருடத்தை எப்படியோ ஒப்பேற்றிப் பட்டம் வாங்கினேன்.

பிறகு இரண்டு பள்ளிகளில் பகுதிநேரமாக பேண்டு சொல்லிக் கொடுத்தேன். சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு. அங்கே தொலைய வழியில்லை என்று நினைத்திருந்தேன். பாடுபவர் இருப்பார்.

அப்படி ஒரு விருந்தில்தான், ரவாங்கில், ஒரு பெண் மேடை ஓரமாக வந்து நின்றாள். மணப்பெண்ணோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள்.

"அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டுல நடுவுல நாலு வரி வாசிக்கணும். நீங்க அஞ்சு வாசிச்சீங்க."

"நீங்க மியூசிக் படிச்சவங்களா?"

"இல்ல. நான் எண்ணுவேன்."

"எத?"

"எல்லாத்தையும்தான். ஒங்க பேண்டு மேசைக்குக் கோழி ஒரு துண்டு கம்மியா வச்சிருக்காங்க. போயிக் கேளுங்க."

கேட்டேன். கம்மிதான். அதுதான் துளசி. எட்டு மாதத்தில் கல்யாணம். அந்த 'அண்ணே'யை வைத்து அவளை வெகுநாள் கேலி செய்தேன். அத்தை முன்னால் என்னை வாங்க போங்க என்பாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் வா, போ, பவன். என் பெயர் பவனேஷ்.

தொழிற்சாலையில் இயந்திரம் எண்ணிப் பெட்டியில் போட்டதைச் சரிபார்ப்பது அவள் வேலை. இடது கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவாள். விரலுக்கு மூன்று கணு. கைக்குப் பன்னிரண்டு. அத்தையிடம் கற்றது. அத்தை ஒரு காலத்தில் தோட்டத்தில் குலை எண்ணியவர்.

கல்யாணமான இரண்டாவது மாதம் தேவதாஸ் தன் குழுவில் சேரக் கூப்பிட்டார். கோலாலம்பூரில் ஒரு சின்ன கிளப். வெள்ளிக்கிழமைகளில். முதல் வெள்ளி, மூன்றாவது சுற்றில் தொலைந்தேன். கண்ணைத் திறந்தேன். முன் மேசையில் துளசி. இடது கை மேசைமேல். கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்களை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறாள். கட்டைவிரல் ஒரு விரலை முடித்து அடுத்த விரலுக்கு மாறியது. அங்கேதான் புது வரி தொடங்குகிறது என்று நினைத்து நான் புதிதாக எடுத்தேன். அடுத்த விரல். மறுபடி எடுத்தேன்.

அங்கே புது வரி இல்லை. புளூஸ் நாலு நாலாகப் போகிறது. அவள் விரல் மூன்று மூன்றாகப் போனது. நான் மற்ற மூவருக்கும் குறுக்கே வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான்கு மூன்றும் பன்னிரண்டு, மூன்று நான்கும் பன்னிரண்டு. சுண்டுவிரல் முடிந்தபோது நால்வரும் ஒரே இடத்தில் வந்து நின்றோம்.

இடைவேளையில் தேவதாஸ் என் தோளைப் பிடித்தார்.

"டேய், எங்கடா புடிச்ச அத?"

"எதண்ணே?"

"அந்த மூணு மூணாப் போறத. இவன் விழப்போறான்னு பாத்துக்கிட்டே இருக்கேன், நீ வந்து நிக்கிற. யாரு சொல்லிக் குடுத்தா?"

"சும்மா வந்துச்சுண்ணே."

"சும்மா வந்துச்சாம். பொய் சொல்றான் லா இவன்."

மறுநாள் மாலை துளசியிடம் எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் காட்டினாள். "விரலுக்கு மூணு. இதுல என்ன இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அந்த 'சும்மா வந்துச்சு'தான் என் தொழிலானது. இரண்டு வருடம் அதை வைத்து வாசித்தேன். துளசி ஒவ்வொரு வெள்ளியும் முன் மேசையில். ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் என் வாசிப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். ஆப்பிரிக்கத் தாளம் என்றார். கர்நாடக சங்கீதத்தின் பாதிப்பு என்றார். துளசி இரண்டு முறை படித்தாள்.

"உனக்குக் கர்நாடக சங்கீதம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் போட்டிருக்கான்?"

"தெரியல."

புளூஸ் நாலு நாலாகப் போகும் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வாள். அவள் அப்படிப்பட்டவள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை இறங்கியது. "நீ போ. நான் படுத்திருக்கேன். ஒரு நாள் நான் வரலன்னா ஒண்ணும் ஆயிடாது" என்றாள். போனேன். முன் மேசையில் யாரோ ஒரு தம்பதி. நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இறங்கும்போது நினைவில்லை. தேவதாஸ் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். உடனே எனக்கும் அனுப்பினார். வீட்டுக்கு வந்தபோது துளசியின் ஈறில் இரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டிங்கி, அதாவது டெங்கு. காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள் என்று டாக்டர் சொன்னார். அது எல்லா கிளினிக் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் படித்ததில்லை.

சனிக்கிழமை அத்தை வந்தார். இருவரும் பேசினார்கள். நான் மருந்துக்கும் ஆஸ்பத்திரிப் படிவங்களுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஞாயிறு காலை அத்தை குளித்து உடை மாற்ற ஓர் உறவினர் வீட்டுக்குப் போனார். வார்டில் துளசியோடு நான் மட்டும். வெள்ளிக்கிழமைப் பதிவைப் போடச் சொன்னாள். ஒரு காதில் இயர்போனை வைத்துவிட்டேன். கேட்டாள். நான் மேலே தொங்கிய சொட்டு மருந்துப் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடம் கழித்து ஒன்று சொன்னாள். அப்போது டாக்டர்கள் வந்தார்கள். திரையை இழுத்தார்கள். மூச்சுக்குழாய் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை இறந்தாள். இடையில் அவள் பேசவில்லை.

அந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அத்தை சொன்னதே எல்லோருக்கும் போதுமாக இருந்தது. போகப்போக நானும் பாதி நம்பினேன். ஆறு மணி ஷிப்ட் உள்ளவள், ஒவ்வொரு வெள்ளியும் என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை கண் எரிய வேலைக்குப் போனாள். அலுத்திருக்குமா? அலுத்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? அம்மாவிடம் சொன்னது நிஜமாக அவள் விருப்பம் என்றால் நான் கலும்பாங் போவதுதான் முறை. அது நிஜமா என்று யாரிடம் கேட்பது?

ஹோட்டல்காரர்கள் எங்களை எடுத்தது அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைக் கேட்டுத்தான். நான் அதை அந்த ஞாயிறுக்குப் பிறகு தொடவில்லை.

ரவாங்கில் ஒத்திகை ஒரு டயர் கடையின் மாடியில். ஞாயிறு கடை மூடியிருக்கும். பாஸ் வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் எழுந்து வந்து கைகொடுத்தார்கள். தேவதாஸ் மின்பியானோவை விட்டு எழவில்லை.

"ரீட் புதுசா?"

"பழசுண்ணே."

"நீயும்தான் பழசாயிட்ட. வா. புளூஸ்."

வாசித்தோம். நான் மனத்துக்குள் எண்ணினேன். நாலு, நாலு, நாலு. ஐந்து சுற்று. ஓரிடம்கூடத் தப்பவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. முடிந்ததும் டிரம்ஸ்காரர் குச்சியைச் சட்டையில் துடைத்தார்.

"யாருடா நீ?" என்றார் தேவதாஸ்.

"ஏண்ணே, தப்பா?"

"தப்பே இல்ல, அதான் கேக்குறேன். இப்படி சரியா வாசிக்கிறவன் கேஎல்ல பத்து பேரு இருக்கான். அதுல நாலு பேரு உன்னவிட நல்லா வாசிப்பான். ஹோட்டல்ல அந்த வெள்ளிக்கெழம ஆளத்தான் கேட்டிருக்கான். எங்க அவன்? கூட்டிட்டு வா."

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை மூன்று மூன்றாக எடுக்கப் பார்த்தேன். கணக்குப் போட்டுக்கொண்டே. ஏழாவது பாரில் தொலைந்தேன். வாயை எடுத்தேன். மற்ற மூவரும் எனக்காக இரண்டு சுற்று போனார்கள். நான் உள்ளே வரவில்லை. அவர்களும் நிறுத்தினார்கள்.

"அண்ணே, அது என்னோடது இல்ல."

"எது?"

"மூணு மூணு. துளசி விரலப் பாத்துத்தான் வாசிச்சேன். அவ விரல் கணுவுல எண்ணுவா. விரல் மாறுறப்பல்லாம் நான் புதுசா எடுப்பேன். அவளுக்குத் தெரியாது. அது தப்பு எண்ணிக்கைண்ணே."

தேவதாஸ் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டார். பாஸ்காரரும் தொட்டுப் பார்த்தார்.

"பன்னெண்டு" என்றார் தேவதாஸ் வியந்துபோய். "அலாமாக்!"

"ஆமாண்ணே."

"பேப்பர்ல ஆப்பிரிக்கான்னு போட்டானே!"

"அவங்க அம்மா தோட்டத்துல குலை எண்ணினவங்க."

"செம்பனக் கொலையாடா அது? ரெண்டு வருஷமா நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியிறேன்."

டிரம்ஸ்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தேவதாஸ் சட்டென்று நிறுத்தினார்.

"இரு. அந்த வெள்ளிக்கெழம துளசி வரலயே."

"வரல."

"அப்ப யாரு விரலப் பாத்த?"

நான் ரீட்டைக் கழற்றினேன்.

"அந்தப் பதிவ நீ கேட்டியா இல்லியா?"

"இல்லண்ணே."

"கேளு. கேட்டுட்டு வர்றியா இல்லியான்னு இன்னிக்கே சொல்லு. உன்ன நான் வெரட்டல. கிராணி வேலைக்குப் போறதுன்னாலும் போ. சொல்லிட்டுப் போ லா. உன் எடத்துக்குப் பினாங்குல ஒருத்தன் பொட்டி கட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்."

கீழே இறங்கிக் காரில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றினேன். பதிவைப் போட்டேன். இடது கையை ஸ்டியரிங்மேல் வைத்துக் கட்டைவிரலால் எண்ணினேன். முதல் சுற்று, மூன்று மூன்றாக. இரண்டாவது சுற்றும் அப்படியே. விரல் மாறும் இடத்தில் சரியாக நான் புதிதாக எடுக்கிறேன். முன் மேசையில் யாரோ ஒரு தம்பதி உட்கார்ந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு எப்படி எடுத்தேன்?

மூன்றாவது சுற்றில் ஒரே சுரத்தைப் பிடிக்கிறேன். பிடித்துக்கொண்டே போகிறேன். அது எந்தப் பாரில் முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அதன்பின் வருவது மூன்றும் அல்ல, நான்கும் அல்ல. என் கட்டைவிரல் நின்றுவிட்டது. பின்னால் இழுத்துவிட்டுக் கேட்டேன். அதே இடத்தில் மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும். ஆனால் சுற்று முடியும்போது நால்வரும் சேர்ந்தே வந்து நிற்கிறோம். கைதட்டுகிறார்கள். தேவதாஸ் ஏதோ கத்துகிறார். தொலைந்துபோய்த் தற்செயலாக வந்து சேர்ந்தேனா, தொலையவே இல்லையா, தெரியவில்லை. வாசித்தவன் நான். எனக்கே தெரியவில்லை.

எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்தால் இது எனக்குத் தெரியப்போவதில்லை. அது மட்டும் தெரிந்தது. 'வியாழன் வர்றேன்' என்று தேவதாசுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'அந்தப் பழைய ரீட்ட தூக்கிப் போட்டுட்டு வா.'

செரண்டா, பத்தாங்காலி வழியாக கெர்லிங் போனேன். வழியில் மழை பிடித்து விட்டது. ஐந்து மணிக்கு அத்தை வீட்டில் இருந்தேன். உமாபதி மாமா முன்னாலேயே வந்திருந்தார். மேசையில் ஒரு தட்டு மீஹூன் கோரெங், தேநீர்.

"வாங்க மாப்ள" என்றார் அத்தை. "எளச்சிட்டீங்க. சட்ட தொங்குது."

"வியாழக்கெழம ஏழு மணிக்கே வந்துருங்க" என்றார் மாமா. "மானேஜரு ஏழரைக்கு வருவாரு. வெள்ளச் சட்ட போட்டுக்குங்க. கூத்துக்காரன் மாதிரி இந்தக் கறுப்புச் சட்ட வேணாம்."

"மாமா, நான் வரல."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேஎல்ல ஒரு ஹோட்டல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. ஆறு மாசம். அதுவும் வியாழக்கெழமதான் ஆரம்பம். போறேன்னு சொல்லிட்டேன்."

"நான் மானேஜர்கிட்ட என்னன்னு சொல்றது? எங்க வீட்டு மாப்ளைக்கு ஆபீஸ் புடிக்கல, குழல் ஊதப் போயிட்டாருன்னா?" அவர் அத்தை பக்கம் திரும்பினார். "அக்கா, நீயே பேசு. ஒம் மக கேட்டுக்கிட்டதுக்குத்தான் நான் போயி நின்னேன்."

அத்தை தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒங்கள நான் கட்டிப்போட முடியுமா மாப்ள? எனக்கு என்ன, எங்க வேல செஞ்சாலும் சரிதான். ஆனா எம்பொண்ணு வாயிலேருந்து கடைசியா வந்த வார்த்த அது. ராத்திரியில அவர விடாதீங்கம்மான்னா. அத மிதிச்சிட்டுப் போறேங்குறீங்களே."

"அத சனிக்கெழம சொன்னா, அத்த."

"எப்பச் சொன்னா என்ன?"

"அது கடைசி இல்ல. ஞாயித்துக்கெழம காலைல நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. அப்ப பேசினா."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார்கள். அத்தை என்னையே பார்த்தார். மகள் கடைசியாகப் பேசியது தன்னிடம்தான் என்று ஐந்து மாதமாக வைத்திருந்தவர். அதைப் பிடுங்க வந்தவன்போல் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் போல இருந்தது. எழவில்லை.

"ஏன் இத்தன நாளா சொல்லல?"

"தெரியல, அத்த."

"என்னப் பத்திப் பேசினாளா?"

"இல்ல."

"ஒங்களப் பத்தி?"

"இல்ல."

"விடுக்கா" என்றார் மாமா. "இப்ப எதுக்கு அது."

"நீ சும்மா இரு." அத்தை நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "பின்ன என்னதான் சொன்னா?"

"வெள்ளிக்கெழம நான் வாசிச்சத போன்ல போட்டுக் காதுல வச்சிருந்தேன். அவதான் வைக்கச் சொன்னா. கேட்டுக்கிட்டே எண்ணினா. இடது கையில ஊசி குத்தியிருந்தாங்க, அதனால வலது கையில எண்ணினா."

அத்தை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வலது கையில அவளுக்கு வராதே" என்றார்.

"கொஞ்ச நேரம் எண்ணினா. அப்புறம் நிறுத்திட்டு என்னப் பாத்தா."

"பாத்து?"

அவள் சொன்னபடியே சொன்னேன்.

"எண்ணிக்க விட்டுப்போச்சு பவன். திருப்பி மொதல்லேருந்து வை."